அய்யலூர் சந்தையில விழுந்த ராஜா

எல்லாரும் சொகமா இருக்கீகளா? மழ பேஞ்சு ஓஞ்சதுலேர்ந்து திண்டுக்கல்லு பூராம் இருமலும் தும்மலுமாக் கெடக்கு. தண்ணியக் காச்சிக் குடிங்க. முழங்கா வலிக்காரவுக நல்லா சாஞ்சு ஒக்காந்துக்கிட்டுப் படிங்க, இது செத்த நீளமான கத. சிரிச்சு இருமல் வந்தா நான் பொறுப்பில்ல.

அப்துல் ஹாதி பாய் அடுப்படித் தரையில குப்புறப் படுத்துக் கெடந்தாரு. ஒரு கண்ண மூடிக்கிட்டு, ஒரு கண்ணத் தரையோட தரையா வெச்சுக்கிட்டு, மூச்சு விடாமக் கெடந்தாரு. பேகம்பூர்ல தோல் செருப்புக் கடை வெச்சிருக்கவரு. பேத்தி பொறந்து ஒரு வாரங்கூட ஆகல.

"ஏங்க, நெஞ்சு வலிக்குதா?"ன்னு கேட்டா சம்சாரம் ஷரீஃபா.

"குதிரைய எங்க கொண்டு போன?"

"எந்தக் குதிர?"

"இங்க நின்னுச்சே. இஞ்சி."

"அது டீயில கொதிக்குதுங்க."

ஹாதி பாய் எந்திரிச்சு ஒக்காந்து தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "குதிர இல்லாம எப்படிடி செக் வைக்கிறது?"

"செக்க பேங்குல வைங்க. இப்ப நகருங்க, பால் பொங்குது."

இஞ்சி எதுக்குக் குதிரையாச்சுன்னு சொல்லணும்ல. ஹாதி பாய்க்கு செஸ்ஸுன்னா உசுரு. அவருகூட ஆடுறதுக்குன்னே பொறந்த மாதிரி ஒரு ஆளு உண்டு, ஷரீஃபாவோட தம்பி முனீர். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடிகார ரிப்பேர் கடை வெச்சிருக்காரு. மச்சானும் மாப்ளயும் ஞாயித்துக்கெழம ஆனா பலகையோட ஒக்காந்தாகன்னா, ஷரீஃபா சோத்தக் கொண்டாந்து பக்கத்துல வெச்சிட்டுப் போயிருவா. அவுக எப்ப சாப்புட்டாகன்னு அவுகளுக்கே தெரியாது.

போன நோன்புப் பெருநாளுக்கு மறுநாளு அப்படித்தான் ஆடிக்கிட்டிருந்தாக. ஹாதி பாய் ராணியத் தொட்டுட்டுக் கைய எடுத்துட்டாரு.

"தொட்ட காய ஆடணும் மச்சான்"னாரு முனீர்.

"தொடல. தூசி தட்டுனேன்."

"நம்ம ஆட்டத்துல ராணி மேல மட்டுந்தான் தூசி விழுகுமோ?"

அம்புட்டுத்தான். பலகை ஒரு பக்கம் பறந்துச்சு, காயெல்லாம் கட்டிலுக்கடியில ஓடிருச்சு. மறுநாளு கூட்டி அள்ளி பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டாரு ஹாதி பாய். அதோட பேச்சும் நின்னு போச்சு. ஒரே சாப்பாட்டு விரிப்புல எதிரெதிர ஒக்காந்திருந்தாலும், "ஷரீஃபா, ஒன் தம்பிய அந்தத் தால்ச்சாவ இப்புட்டுத் தள்ளச் சொல்லு"ம்பாரு இவரு. "அக்கா, மச்சான எட்டி எடுத்துக்கச் சொல்லு"ம்பாரு அவரு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஷரீஃபா டெலிபோன் கம்பியா நிப்பா.

இப்படியே ஒரு வருசம் ஓடிருச்சு. அப்பத்தான் மக ஷப்னத்துக்குப் பொண்ணு பொறந்துச்சு. மருமகன் துபாய்ல இருக்காரு. பேர மாமனாரே வைக்கட்டும்னு சந்தோசமாச் சொல்லிட்டாரு.

ஹாதி பாய் மனசுல ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு. மஹ்ஜபீன். அவுக அம்மா பேரு. அம்மா மவுத்தாகிக் கண்ண மூடுனதுலேர்ந்து அந்தப் பேரு அந்த வீட்டுல பொழங்காமப் போச்சு. யாராச்சும் "மஹ்ஜபீன், இங்க வா"ன்னு கூப்புட்டு, அது கொலுசு போட்ட காலோட குடுகுடுன்னு ஓடி வரணும்னு மனுசனுக்கு ஆச. யாருகிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கிறப்பத்தான் மொத மொதல்ல வாய் விட்டுச் சொன்னாரு.

அந்த வராண்டாவுல முனீரும் நின்னுக்கிட்டிருந்தாரு. செத்த நேரம் செவத்தப் பாத்தாரு, மின்விசிறியப் பாத்தாரு. அப்பறம் அக்காவத் தூது விடாம நேரா இவரு மூஞ்சியப் பாத்தே சொன்னாரு.

"இஃப்பத்னு வைக்கலாமே."

"எதுக்கு?"

"சுருக்கமா இருக்கு. கூப்புட லேசு."

"ஓம் பேருந்தான் சுருக்கமா இருக்கு. கூப்புடுற மாதிரியா இருக்கு?"

ஒரு வருசத்துக்கு அப்பறம் ரெண்டு பேரும் பேசுன மொதப் பேச்சு இதுதான். ஷப்னத்துக்குத் தாய்மாமன் அவரு. அவரு வார்த்தையத் தூக்கி எறியவும் முடியாது. இவரும் விடமாட்டேன்னாரு, அவரும் விடமாட்டேன்னாரு. ஷப்னம் படுத்த எடத்துலேர்ந்து பெத்தவரப் பாத்து, "ரெண்டும் நல்ல பேருதான் அத்தா. எதையாச்சும் ஒண்ண முடிவு பண்ணிக் குடுங்க. நான் அதுவரைக்கும் பாப்பான்னு கூப்புட்டுக்கிறேன்"னுட்டா.

அப்பத்தான் முனீர் அந்த வில்லங்கத்த எடுத்து விட்டாரு.

"எங்க குரூப்புல ஒரு செஸ் புதிரு வந்திருக்கு மச்சான். வெள்ள ஆடணும். மூணே ஆட்டத்துல கறுப்பு ராஜாவச் சாய்க்கணும். நம்மள்ல யாரு மொதல்ல கண்டுபிடிக்கிறாகளோ அவுக சொல்ற பேரு. போன்கிட்டயும் பதிலு கேக்கப்புடாது, ஆளுககிட்டயும் கேக்கப்புடாது."

"வெள்ளிக்கெழம அகீகா. ஆடறுத்து முடியெறக்குனதும் பள்ளிவாசல் ஹஜ்ரத்து வந்து பேரக் கேப்பாரு."

"அதுக்குள்ள கண்டுபிடிங்க."

"நீ கண்டுபிடிக்காம இருந்தாச் சரி"ன்னு ஹாதி பாய் ஒத்துக்கிட்டு வந்துட்டாரு.

அந்தப் புதிர நான் சொல்லிப்புடுறேன், பயப்படாதீக, செஸ்ஸு தெரியாதவுகளுக்கும் வெளங்கும். கறுப்பு ராஜா மூலை ஓரமா, கதவச் சாத்திட்டு ஒக்காந்திருக்குற மனுசன் மாதிரி இருக்கான். ஒரு பக்கம் அவன் யானையே செவரா நிக்குது. முன்னாடி அவன் சிப்பாய்க காவலு. வெள்ளப் பக்கம் ராணி, குதிரை, யானை. குதிரையத் தாண்ட விட்டு செக் வெச்சா, ராஜா அப்பிடியே சந்து மூலைக்குள்ள ஒண்டிக்குவான். இதுவரைக்கும் ஹாதி பாய் மொத நாளே கண்டுபிடிச்சிட்டாரு. அதுக்கு மேலதான் ஒண்ணும் ஓடல. ராணி எந்தக் கட்டத்துக்குப் போனாலும் எவனாச்சும் வெட்டுவான்.

அவருக்கு ராணிய வெட்டுக் குடுக்குறதுன்னா முடியாத காரியம். அவரு ஆட்டத்துல ராணி கல்யாண நகை மாதிரி. பெட்டிக்குள்ளயே பத்தரமா இருக்கும், விசேசத்துக்குக்கூட வெளிய வராது.

வீட்டுல காயுமில்ல, பலகையுமில்ல. அடுப்படியில மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக் கட்டம் போட்ட டைல்ஸு. அதான் அங்க படுத்துட்டாரு. பூண்டெல்லாம் சிப்பாய். உருளைக்கெழங்கு யானை. ஊறுகா ஜாடி ராஜா. பிள்ள பெத்தவளுக்குன்னு வாங்கி வெச்சிருந்த பெரிய மாதுளம்பழம் ராணி.

இஞ்சியப் பறிகொடுத்துட்டு, அதுக்குப் பதிலா ஒரு கரண்டியக் குதிரையா நிறுத்தி வெச்சிட்டு, முகங்கழுவப் போயிட்டு வந்தாரு. வந்து பாத்தா சிப்பாய்க ஒருத்தனையுங் காணோம்.

"பூண்டு எங்க?"

"பிள்ள பெத்த ஒடம்புக்குப் பூண்டுக் கொழம்பு வைக்காம, தரையில பரப்பி வெச்சு அழகு பாக்கச் சொல்றீங்களா?"ன்னா ஷரீஃபா.

"சரி போகட்டும். ராணியாச்சும் இருக்கா?"

உள்ளேர்ந்து ஷப்னம் கொரலு குடுத்தா. "ராணிய நாந்தான் அத்தா சாப்புட்டேன். நல்லா இனிப்பா இருந்துச்சு."

ஹாதி பாய்க்குக் கண்ணு கலங்கிருச்சு. போன எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனாரு.

"மாப்ள, கண்டுபிடிச்சிட்டியா?"

"இல்ல மச்சான். நீங்க?"

"நான் கிட்டத்துல வந்துட்டேன். ராணிய வீட்டுல தின்னுட்டாக."

"அப்ப நீங்க என்ன சாப்புட்டீங்க?"

"நான் என்னத்தச் சாப்புட்டா ஒனக்கென்ன? குதிரைய மொதல்ல ஆடுனியா, இல்ல யானையா?"

"சொல்லக்கூடாதுல்ல மச்சான். சாப்புட்டுட்டுக் கூப்புடுங்க, பேசுவோம்."

வெச்சிட்டாரு ஹாதி பாய். செத்த நேரங்கழிச்சு மறுபடி கூப்புட்டு, "கண்டுபிடிச்சா ஒடனே சொல்லணும், மறைக்கப்புடாது"ன்னு ஒரு தரம் எச்சரிச்சாரு. அப்பறம் சாயங்காலம் அசர் தொழுதுட்டு வந்து இன்னொரு தரம் எச்சரிச்சாரு.

வீடு லாயக்குப்படாதுன்னு மறுநாளு கடைக்கே போயிட்டாரு. கடையிலயும் கட்டம் போட்ட தரைதான். ஆனா செருப்ப ஜோடி ஜோடியா நிறுத்துனா கட்டத்துக்குள்ள அடங்கல. நல்ல யோசனையா ஒண்ணு பண்ணாரு. எல்லா ஜோடியிலயும் எடது காலை மட்டும் எடுத்து ஆட்டத்துல நிறுத்துனாரு. வலது காலெல்லாம் பெட்டிக்குள்ள குவிஞ்சு கெடக்கு. பொம்பளையாளுக போடுற பழுப்புச் செருப்பு சிப்பாய், கட்டு வெச்ச பூட்சு யானை, தங்கக் கலர் கொக்கி போட்ட செகப்புச் செருப்பு ராணி.

சாணார்பட்டியிலேர்ந்து பொன்னழகுன்னு ஒரு அம்மா வந்துச்சு. ஆடு வளக்குற அம்மா, வாயும் ஆட்டு மணி மாதிரி ஓயாது. நேரா ராணியத் தூக்கிருச்சு.

"இந்தச் செகப்பு நல்லாருக்கே பாய்."

"அதத் தொடாதம்மா. அது விக்கிறதுக்கில்ல."

"விக்காததக் கடையில எதுக்கு வெச்சிருக்கீக?"

"ராஜாவப் புடிக்க."

பொன்னழகு அவர மேலயும் கீழயும் பாத்துச்சு. "ராஜா கெடக்கட்டும், என் காலப் பாருங்க. பிஞ்ச செருப்போட பஸ்ஸேறி வந்திருக்கேன்."

கண்ணுக்குள்ள குதிரை தாண்டிக்கிட்டிருக்குற நேரத்துல யாவாரம் பாத்தா என்னாகும்? "அந்தா இருக்குல்ல பழுப்பு, அத எடுத்துக்கம்மா"ன்னு ரெண்டு சிப்பாயக் கையில குடுத்து, பையில போட்டு அனுப்பிட்டாரு. அந்தம்மாவும் ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்னு போட்டுப் பாக்காமப் போயிருச்சு. சாயங்காலம் ஆட்டத்தக் கலைச்சு அடுக்குறப்பத்தான் ரெண்டு பழுப்பு வலது கால் தனியா மிச்சம் நின்னுச்சு. ஹாதி பாய் அதுகளையே பாத்துக்கிட்டிருந்துட்டு, முனீருக்குப் போனப் போட்டாரு.

"மாப்ள, ஒரு பொம்பளைக்கு ரெண்டு எடது காலு குடுத்துட்டேன்."

"வலது எங்க?"

"பெட்டியில."

அந்தப் பக்கம் சிரிப்பாணி தாங்கல. இவருக்குங் கோவம் வரணும், ஆனா வந்தது சிரிப்பு. ரெண்டு பேரும் மூச்சு வாங்குற வரைக்கும் சிரிச்சுட்டு, ஹாதி பாய் சட்டுன்னு கொரல இறுக்கிக்கிட்டு, "சரி, கண்டுபிடிச்சியா இல்லையா?"ன்னாரு.

"இல்ல மச்சான்."

"அப்ப வையி."

வியாழக்கெழம விடிஞ்சுச்சு. மறுநாளு அகீகா, ஆடு வாங்கியாகணும். ஷரீஃபா வாசல் வரைக்கும் வந்து பாடம் படிச்சு அனுப்புனா. "ஒரு ஆடு. ஒண்ணே ஒண்ணு. கண்ணு, காலு, கொம்பு, காது எதுலயும் கொறை இருக்கப்புடாது. பொறவு ஷப்னத்துக்கு மல்லிகப்பூ. பூவ மறந்துட்டு வந்தீங்கன்னா ஆட்டக் கட்டுற எடத்துலயே நீங்களும் நின்னுக்கங்க."

பக்கத்து வீட்டு சேக் பரீது தன்னோட குட்டியானை வண்டிய எடுத்தான். அய்யலூர் போயிச் சேந்தா சந்தையில தல தலையா ஆடும் ஆளும். பூ வாங்கிக் கையில வெச்சுக்கிட்டாரு, அத மறக்கல. தரகர் நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆளு, பழக்கமானவரு. நாலு ஆடு சேத்துக் கட்டியிருந்ததுல ஒரு கறுப்புக் கிடாவக் காட்டுனாரு. கொறையே சொல்ல முடியாத கிடா.

"ஏனுங்க பாய், புடிச்சிருக்குங்களா? துண்டு போட்டுறலாமுங்களா?"

அய்யலூர்ல ஆட்டு வெலைய வாய் விட்டுப் பேசமாட்டாக. தரகரு தோள்ல கெடக்குற துண்ட எடுத்து ரெண்டு பேரு கைமேல போர்த்துவாரு. துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுத்தான் பேச்சு. எந்த வெரலு, எம்புட்டு அழுத்தம், எல்லாத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது. பேசி முடிச்சுத் துண்ட ஒதறிட்டாகன்னா முடிஞ்சது முடிஞ்சதுதான்.

வலது கை துண்டுக்குள்ள போயிருச்சு. எடது கையில போனு, போன்ல புதிரு. ஹாதி பாய்க்குக் கண்ணு அங்கதான். அவரு அறியாமயே துண்டுக்குள்ள குதிரைய ஆட ஆரம்பிச்சாரு. குதிரை ரெண்டு கட்டம் போயி ஒரு கட்டம் திரும்பும்ல, அது மாதிரி நாச்சிமுத்து வெரலு மேல ரெண்டு அழுத்து, பக்கத்து வெரலுல ஒரு அழுத்து.

நாச்சிமுத்து நிமுந்து பாத்தாரு. "நெசமாத்தான் சொல்றீங்களா பாய்?"

"அப்பிடித்தான் போகணும். வேற வழி இல்ல."

"ரொம்ப மேல போறீங்களே."

"போகட்டும். மூலைக்குப் போற வரைக்கும் வெரட்டணும்."

ராஜா மூலைக்குப் போயிட்டான். அதுக்கு மேல வழக்கம் போல ஒண்ணும் தோணல. ஆத்தாமையில நாச்சிமுத்து கைய முழுசா ஒரே இறுக்கா இறுக்கிப் புடிச்சாரு ஹாதி பாய்.

"மொத்தமுங்களா?"

"மொத்தமும் பாத்துட்டேன்யா"ன்னு பெருமூச்சு விட்டாரு.

துண்டு ஒதறியாச்சு. நாச்சிமுத்து முகமெல்லாம் பல்லு. "நாலு உருப்படியும் உங்களுக்குத்தானுங்க. நல்ல மனசு. ஆட்டுக்காரம்மா, இங்க வாங்க, முடிஞ்சுதுங்க."

கூட்டத்துக்குள்ளேர்ந்து ஆட்டுக்காரம்மா வந்துச்சு. ஒரு காலு நேரா வருது, ஒரு காலு கோணிக்கிட்டு வருது. சாணார்பட்டி பொன்னழகு.

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்தாக.

"எனக்கு ஒரு ஆடுதாம்மா வேணும்"னாரு ஹாதி பாய்.

"எனக்குந்தான் ஒரு வலது காலு வேணும். குடுத்தீகளா?"

"தெரியாம நடந்துபோச்சு."

"இதுவும் தெரியாம நடந்ததாவே இருக்கட்டும். துண்டு ஒதறியாச்சு பாய். நாலையும் ஓட்டிக்கிட்டுப் போங்க. நாலுக்கும் காலு சரியா இருக்கு, நான் பாத்துத்தான் குடுப்பேன்."

சேக் பரீது சிரிப்ப அடக்க முடியாம வண்டிக்குப் பின்னாடி போயிட்டான். ஹாதி பாய் கெஞ்சுனாரு, நாச்சிமுத்து மத்தியஸ்தம் பேசுனாரு. இந்தக் களேபரத்துல கறுப்புக் கிடாவோட கயித்த எவனும் புடிக்கல. அது பாத்துச்சு. ஒரே ஓட்டம்.

சந்த முழுக்க வெரட்டுனாக. கிடா டீக்கடைக்குப் பின்னாடி செவரு மூலைக்குள்ள போயி ஒண்டிக்கிருச்சு. ஒரு பக்கம் தண்ணி டிரம்மு, முன்னாடி தழைக்கட்டு. கை விட்டா கொம்பால சீவுது. நாச்சிமுத்து அதட்டிப் பாத்தாரு, பொன்னழகு கொஞ்சிப் பாத்துச்சு, சேக் பரீது கால நீட்டி இழுக்கப் பாத்து முட்டு வாங்குனான். மூலைய விட்டு அசையல.

"அண்ணே, கையில என்ன பொட்டலம்?"ன்னான் சேக் பரீது, முழங்காலத் தேச்சுக்கிட்டே.

"பூ."

"அதப் போடுங்க. பூ வாசத்துக்கு வரும்."

ஹாதி பாய் பொட்டலத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. "இது மட்டும் போச்சுன்னா ஷரீஃபா என்னைய வீட்டுல சேக்கமாட்டாடா."

"கிடா போச்சுன்னா?"

மனுசன் நின்னு யோசிச்சாரு. அந்தப் பூவ விட மனசு வரல. விடாமயும் முடியல. கண்ண மூடிக்கிட்டு, பொட்டலத்தப் பிரிச்சு, அம்புட்டு மல்லிகையையும் கிடா மூஞ்சிக்கு நேரா கொட்டுனாரு.

கிடா மோந்து பாத்துச்சு. ஒரே ஒரு அடி முன்னால வந்து வாய வெச்சுச்சு. செவரு ஓரமாவே நேரா வந்தான் சேக் பரீது, பட்டுன்னு கொம்பப் புடிச்சிட்டான். கிடா பின்னாடி போகப் பாத்துச்சு, அவன் விடல. பக்கவாட்டுல திரும்பப் பாத்துச்சு, அங்க நாச்சிமுத்து குறுக்க நிக்கிறாரு. சத்தங் காட்டாம நின்னு பூவ மென்னுச்சு.

ஹாதி பாய் அசையாம நின்னாரு. வாய் மட்டும் மொணமொணங்குது. "குடுக்கணும். ராணியக் குடுக்கணும்."

"ராணி எந்த ஆடுங்க?"ன்னு கேட்டாரு நாச்சிமுத்து.

அவரு காதுல விழுகல. போன எடுத்து நம்பரப் போட்டாரு.

"மாப்ள, புடிச்சிட்டேன். குதிரைய வெச்சு ராஜாவ மூலைக்கு வெரட்டியாச்சா? இப்ப ராணி போயி, அவன் முன்னாடி ஓரத்துல நிக்கிற சிப்பாய வெட்டிட்டு அவன் மூஞ்சிக்கு நேரா நிக்கிது. சும்மா வெட்டுக் குடுக்குறோம். அவனுக்கு வேற வழி இல்ல, வெட்டித்தான் ஆகணும். வெட்டுறதுக்கு ஒரு அடி வெளிய வாரான். வந்தானா? நம்ம யானை ஓரத்துக்கு வந்து செக்கு. பக்கத்துல போனா குதிரை விடாது. பின்னாடி போனா யானை விடாது. முடிஞ்சான்."

ஹாதி பாய் போனக் காதோட அழுத்திக்கிட்டாரு.

"மாப்ள, இருக்கியா?"

"இருக்கேன் மச்சான். இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னாரு. மறுபடி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாரு முனீர். அதையும் சொன்னாரு, இந்தத் தடவ கிடா கதையையும் பூவையும் சேத்து.

"செக்மேட்டுதான் மச்சான். ராணியக் குடுத்துட்டீங்களே, நீங்களா."

"ஆமாடா. பேரு?"

"ஒங்க பேருதான். நான் சொன்ன அந்த, அது என்ன, ஆங், இஃப்பத். அது வேற எந்தப் புள்ளைக்காச்சும் ஆகும்." அப்பறம் கேட்டாரு. "சாப்டீங்களா மச்சான்?"

"இன்னும் இல்ல மாப்ள. நீ?"

"இனிமேத்தான்."

போன வெச்சிட்டுத் திரும்புன ஹாதி பாய் வேற ஆளா இருந்தாரு. "நாலையும் ஏத்துங்கப்பா"ன்னாரு. பொன்னழகப் பாத்து, "ரெண்டு வலது காலும் நாளன்னைக்கு சாணார்பட்டி வந்து சேரும். கூடவே அந்தச் செகப்பும் ஒரு ஜோடி"ன்னாரு.

"ஜோடின்னா ஒரு வலது ஒரு எடது. அத இப்பவே பேசிப்புடுவோம்"னுச்சு பொன்னழகு. "வேணும்னா துண்டு போட்டுக்குவோம்."

வீட்டுக்கு வந்து வண்டிக் கதவத் தொறந்தா, ஒண்ணு எறங்குது, ரெண்டு எறங்குது. ஷரீஃபா இடுப்புல கைய வெச்சுக்கிட்டு எண்ணுனா. நாலாவது ஆடு எறங்குனதும் மெதுவாக் கேட்டா. "பூ?"

"அந்தக் கறுப்புக் கிடா வயித்துல."

"உள்ள வாங்க பேசுவோம்"னா ஷரீஃபா. அந்தப் பேச்ச நான் எழுதல, அது குடும்ப விசயம்.

வெள்ளிக்கெழம காலையில தெருவே மணத்துச்சு. நாலு ஆட்டுக் கறி, எந்த வீட்டுக்கும் பங்கு தப்பல. முனீர் வெள்ளச் சட்டையில வந்தாரு, கையில ஒரு பொட்டலம். பிரிச்சா மல்லிகப்பூ. ஷரீஃபா வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. புள்ளைக்கு முடியெறக்கி, சந்தனத்தத் தடவி, ஹாதி பாய் மடியில கெடத்துனாக. மொட்டத் தல, உள்ளங்கை அகலம் மூஞ்சி.

ஹஜ்ரத்து கேட்டாரு. "பேரு என்ன பாய்?"

ஹாதி பாய் முனீரப் பாத்தாரு. முனீரு, சொல்லுங்கன்னு தலைய ஆட்டுனாரு.

"மஹ்ஜபீன்."

ஹஜ்ரத்து துஆ ஓதுனாரு. எல்லாரும் ஆமீன் சொன்னாக. புள்ள ஒரு கொட்டாவி விட்டுட்டுத் தூங்கிருச்சு.

அப்பறம் சாப்பாடு. மச்சானும் மாப்ளயும் எதிரெதிரதான் ஒக்காந்தாக. பழக்க தோசத்துல ஹாதி பாய், "ஷரீஃபா, ஒன் தம்பிய"ன்னு ஆரம்பிச்சு, நிறுத்தி, "மாப்ள, அந்தத் தால்ச்சாவ இப்புட்டுத் தள்ளு"ன்னாரு. முனீர் தள்ளுனாரு. கையக் கழுவிட்டு முனீர் புள்ளையப் பாக்க உள்ள போயிட்டாரு.

ஒங்க வீட்டுலயும் இப்பிடிப் பேசாம மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச மச்சான் மாப்ள இருப்பாகள்ல? அவுக எப்பிடிச் சேந்தாகன்னு எனக்கு எழுதுங்க, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, ஒக்காந்து படிச்சிட்டுப் பதிலு போடுறேன். அட இருங்க, எந்திரிச்சிராதீக, ஹஜ்ரத்து சொன்னத விட்டுட்டேன். வெத்தலையப் போட்டுக்கிட்டு ஹாதி பாய் அவருகிட்டப் பெருமையா, "இந்தப் பேருக்காக நான் பட்ட பாடு இருக்கே ஹஜ்ரத்து, முனீரத் தோக்கடிக்க ஒரு வாரமா மண்டைய ஒடைச்சேன்"னாரு.

ஹஜ்ரத்து அவர ஒரு மாதிரியாப் பாத்தாரு. "அவரு எங்க பாய் போட்டி போட்டாரு? புள்ள பொறந்த அன்னைக்கே எங்கிட்ட வந்து, 'பேரு மஹ்ஜபீன்தான் ஹஜ்ரத்து, ஆனா மச்சான்கிட்ட இப்பச் சொல்லிராதீங்க, பதிலு கெடைக்கிற வரைக்குமாச்சும் எனக்குப் போன் பண்ணிக்கிட்டு இருப்பாரு'ன்னு சொல்லிட்டுல்ல போனாரு."